பிரிந்த பெற்றோரும் பிள்ளைகளும்: வாசகர் கேள்விகளுக்குச் சட்டத்தரணியின் பதில்கள்

இம்முறை காணி உறுதி, வேலித் தகராறு பற்றிய கடிதங்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, தாயும் தந்தையும் பிரிந்து வாழும் குடும்பங்களிலிருந்து வந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்கள் நீக்கப்பட்டுள்ளன. இங்கே சொல்லப்படுவது பொதுவான சட்ட நிலை என்பதையும், உங்கள் ஆவணங்களைப் பார்த்த ஒரு சட்டத்தரணியின் ஆலோசனைக்கு அது ஈடாகாது என்பதையும் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு எட்டு வயதில் மகளும் நான்கு வயதில் மகனும் இருக்கிறார்கள். என் பெற்றோர் சீதனமாகத் தந்த வீட்டில்தான் குடியிருந்தோம். ஒன்றரை வருடத்துக்கு முன் கணவர் கோபித்துக்கொண்டு தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது, “மகள் உன்னோடு இருக்கட்டும், ஆண் பிள்ளை எனக்கு, சட்டப்படி பிள்ளை தகப்பனுக்குத்தான்” என்று ஆட்களை அனுப்புகிறார். என் தாய் மாமாவோ, “நம்மட குடி தாய் வழி, பிள்ளை நம்மட குடிப் பிள்ளை, கொடுக்கத் தேவையில்லை” என்கிறார். யார் சொல்வது சரி?
(வாசகி, ஆரையம்பதி)

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் பழைய சட்டத்தின் ஒரு பாதி இருக்கிறது. உங்கள் மாமா சொல்வதில் ஊர் வழமையின் ஒரு பாதி இருக்கிறது. இரண்டில் எதை நம்பியும் உங்கள் மகனின் காரியத்தை முடிவு செய்ய முடியாது.

மாமா சொல்வதை முதலில் எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழரிடையே குடி எனும் குலப் பிரிவு தாய்வழியில் வருவதும், மாப்பிள்ளை சீதன வீட்டில் வந்து குடியிருப்பதும் இன்றும் உள்ள வழமைகள்தாம். கோயில் முறைகளிலும் கலியாணப் பேச்சிலும் குடிக்கு இடம் உண்டு. பிள்ளையின் கட்டுக்காப்பை, அதாவது பிள்ளை யாருடைய பொறுப்பில் வளர வேண்டும் என்பதை, அது தீர்மானிப்பதில்லை. ஒரு காலத்தில் இங்கே நடைமுறையிலிருந்த முக்குவர் சட்டம்கூடச் சொத்துரிமை பற்றியதே, அதுவும் 19ஆம் நூற்றாண்டிலேயே வலுவிழந்துவிட்டது. இடையில் யாராவது தேசவழமையை இழுத்தால், அது வட மாகாணத் தமிழருக்குரிய சொத்துச் சட்டம் என்று சொல்லி அந்தப் பேச்சை நிறுத்திவிடுங்கள். பிள்ளைகள் விடயத்தில் உங்களுக்குப் பொருந்துவது நாட்டின் பொதுச் சட்டம். அதன் அடித்தளம் உரோமன் டச்சுச் சட்டம்.

அந்தச் சட்டத்தில், திருமண உறவில் பிறந்த பிள்ளைக்குத் தந்தையே இயற்கைப் பாதுகாவலர். பெற்றோர் விவாகரத்துப் பெறாமல் பிரிந்திருக்கும் காலத்தில் தந்தைக்கே முன்னுரிமை என்றும், பிள்ளையின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஒழுக்கத்துக்கோ ஆபத்து உண்டு என்று காட்டினால்தான் அதை மறுக்கலாம் என்றும் 1950களில் நமது நீதிமன்றங்கள் கூறியிருக்கின்றன. உங்கள் கணவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருப்பது இதைத்தான். ஆனால் அதற்குப் பின்வந்த தீர்ப்புகள் படிப்படியாக நகர்ந்து, தந்தையின் உரிமையோ தாயின் உரிமையோ அல்ல, பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது என்ற நிலைக்கு வந்துவிட்டன. இலங்கை 1991இல் ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியதும், 1992இல் சிறுவர் சாசனத்தை வெளியிட்டதும் இந்த நகர்வுக்கு வலுச்சேர்த்தன. இன்று நீதிமன்றத்தில் நின்று “நான் தகப்பன், அதனால் தாருங்கள்” என்று மட்டும் சொல்லும் ஒருவர் அதிக தூரம் போக மாட்டார்.

நீதிபதி எதைப் பார்ப்பார் என்று கேட்டால், பிள்ளை இதுவரை யார் கையில் வளர்ந்தது, எந்தப் பாடசாலைக்குப் போகிறது, நோய் வந்தால் யார் கொண்டு போகிறார்கள், தாய் வேலைக்குப் போகும் நேரத்தில் வீட்டில் யார் இருக்கிறார்கள், மற்றப் பெற்றோரைப் பற்றிப் பிள்ளைக்கு முன்னால் என்ன பேசப்படுகிறது என்பன போன்ற மிகச் சாதாரணமான விடயங்களைத்தான் பார்ப்பார். பணம் அதிகம் உள்ளவரிடம் பிள்ளை போகும் என்ற பயம் பல தாய்மாருக்கு இருக்கிறது. பணக் குறையைத் தாபரிப்பால், அதாவது மற்றப் பெற்றோர் பிள்ளையின் செலவுக்குக் கட்டும் மாதாந்தப் பணத்தால், ஈடுசெய்யலாம் என்பதால் அது மட்டும் தீர்மானிக்கும் காரணமாகாது. சகோதரர்களைப் பிரிப்பதை நீதிமன்றங்கள் பொதுவாக விரும்புவதில்லை. மகளை ஒரு வீட்டுக்கும் மகனை இன்னொரு வீட்டுக்கும் பங்கு போடும் உங்கள் கணவரின் யோசனைக்கு அதுவே பெரிய தடை.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது, பிள்ளைகள் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட நீதிமன்றத்தை, உங்கள் விடயத்தில் மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றத்தை, நாடுவது. 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டத்தின் கீழ் குடும்ப நீதிமன்றத்துக்குரிய கட்டுக்காப்பு, பாதுகாவலர் நியமனம் ஆகிய விடயங்களை மாவட்ட நீதிமன்றமே விசாரிக்கிறது. விவாகரத்து வழக்கோ பிரிந்து வாழ்வதற்கான வழக்கோ போடப்பட்டிருந்தால், தீர்ப்பு வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பிள்ளைகளின் கட்டுக்காப்பு, தாபரிப்பு, கல்வி பற்றி இடைக்காலக் கட்டளை கேட்பதற்குக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 619 முதல் 622 வரையான பிரிவுகள் வழி செய்கின்றன. நன்னடத்தை உத்தியோகத்தரிடமோ நீதிமன்றத்துடன் இணைந்த குடும்ப ஆலோசகரிடமோ நீதிபதி அறிக்கை கோரலாம். அறிக்கை எழுதுபவர் உங்கள் வீட்டுக்கு வருவார், அயலவரிடமும் விசாரிப்பார். அந்த வருகைக்காக வீட்டை அலங்கரித்து, பிள்ளைக்குப் பதில்களைப் பாடமாக்கிக் கொடுக்காதீர்கள். அனுபவமுள்ள உத்தியோகத்தருக்கு அது ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

சாட்சிக்குப் பெரிய ஆவணங்கள் வேண்டும் என்று நினைக்க வேண்டாம். தடுப்பூசித் திகதிகள் எல்லாம் குறிக்கப்பட்ட பிள்ளையின் கிளினிக் புத்தகம், முன்பள்ளிக் கட்டணப் பற்றுச்சீட்டு, மகளின் தேர்ச்சி அறிக்கையில் ஒவ்வொரு தவணையும் வைக்கப்பட்டுள்ள உங்கள் கையெழுத்து ஆகியவை, பிள்ளைகளை யார் வளர்த்தார்கள் என்பதைப் பத்துச் சாட்சிகளைவிடத் தெளிவாகச் சொல்லும். அவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

மாமா சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது. “கொடுக்கத் தேவையில்லை” என்பதைப் “பார்க்கவும் விடத் தேவையில்லை” என்று நீட்டிவிடாதீர்கள். தந்தை மகனைப் பார்க்க வந்தால் பார்க்க விடுங்கள். அது உங்கள் வழக்கைப் பலவீனப்படுத்தாது.

கேள்வி: நான் அரச ஊழியன். நீதவான் நீதிமன்றக் கட்டளைப்படி என் ஆறு வயது மகளுக்கு மாதந்தோறும் தாபரிப்புக் கட்டி வருகிறேன். ஆனால் மனைவி ஐந்து மாதமாகப் பிள்ளையைக் கண்ணில் காட்டவில்லை. போனால் காய்ச்சல் என்கிறார்கள், அல்லது வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பணத்தை நிறுத்தினால்தான் வழிக்கு வருவார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நிறுத்தலாமா?
(வாசகர், திருக்கோவில்)

பதில்: நிறுத்தக் கூடாது. இந்தப் பத்திக்கு வரும் தந்தையரின் கடிதங்களில் பெரும்பாலானவை கேட்பது இதைத்தான், தாய்மார் கேட்பது இதன் மறுபக்கம்: “பணம் தராதவருக்கு ஏன் பிள்ளையைக் காட்ட வேண்டும்?” இரண்டுக்கும் ஒரே பதில். தாபரிப்பும் பிள்ளையைப் பார்ப்பதும் தனித்தனியான விடயங்கள்; இரண்டும் பிள்ளைக்குச் சேர வேண்டியவை. ஒன்றை நிறுத்தி மற்றதை வாங்க முயன்றால், பிள்ளை இரண்டையும் இழக்கிறது. சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது.

நண்பர்கள் பேச்சைக் கேட்டு நிறுத்தினால் நடப்பது இதுதான். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ், செலுத்தாத தொகையைத் தண்டப்பணம் அறவிடுவது போல அறவிட நீதவான் ஆணை பிறப்பிக்கலாம். பாக்கி வைக்கும் ஒவ்வொரு மாதத்தின் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறைத்தண்டனையும் விதிக்கலாம். நீங்கள் அரச ஊழியர் என்பதால், சம்பளத்திலிருந்தே கழித்து அனுப்பும்படி உங்கள் திணைக்களத்துக்குக் கட்டளை போவதும் எளிது. “மனைவி பிள்ளையைக் காட்டவில்லை” என்பது அங்கே ஒரு விடையாகாது. அதன் பிறகு நீங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் பிள்ளையைப் பார்க்க அனுமதி கேட்டுப் போகும்போது, உங்கள் பெயருக்கு எதிரே ஒரு பிடியாணையும் இருக்கும்.

செய்ய வேண்டியது வேறு. நீதவான் நீதிமன்றம் உங்களுக்குத் தந்தது தாபரிப்புக் கட்டளை மட்டுமே. பிள்ளையை எப்போது பார்ப்பது என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது. அதற்குரிய மாவட்ட நீதிமன்றத்தில் பார்வையிடும் உரிமை கேட்டு விண்ணப்பம் செய்யுங்கள். உங்கள் பகுதியில் வழக்கை எங்கே தாக்கல் செய்வது என்பதை அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ உள்ள சட்டத்தரணி ஒருவர் பிள்ளையின் முகவரியைப் பார்த்துச் சொல்வார்.

கட்டளை எப்படி எழுதப்பட வேண்டும் என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதமானவன். “தந்தை நியாயமான நேரங்களில் பிள்ளையைப் பார்க்கலாம்” என்று இணக்கம் எழுதிக்கொண்டு சந்தோசமாக வீடு போகும் தரப்பினர், சில மாதங்களில் மறுபடி நீதிமன்றத்துக்கு வருகிறார்கள். நியாயமான நேரம் எது என்பதில்தானே அவர்களுக்குச் சண்டை! எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எங்கே வைத்து ஒப்படைப்பது, யார் கொண்டு வருவது, பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் அந்த முறைக்குப் பதிலாக எந்த நாள், பாடசாலை விடுமுறையில் எத்தனை இரவு, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சித்திரை வருடப் பிறப்புக்கும் யாரிடம், ஊர்க் கோயில் சடங்குக் காலத்தில் என்ன, தொலைபேசியில் எந்த நேரம் பேசலாம் என்பதெல்லாம் எழுதப்பட வேண்டும். ஒப்படைக்கும் இடமாகப் பொலிஸ் நிலையத்தைக் குறிப்பிடுவதை இயன்றவரை தவிருங்கள். வாரா வாரம் பொலிஸ் நிலைய வாங்கில் இருந்து தகப்பனை எதிர்பார்க்கும் ஆறு வயதுப் பிள்ளை, தகப்பனைக் குற்றவாளி என்றே நினைத்துக்கொள்ளும். பெரியம்மா வீடு, கோயில் மண்டபம், இரு தரப்புக்கும் பொதுவான ஆசிரியை ஒருவரின் வீடு எதுவாயினும் அதைவிட நல்லது.

இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட கட்டளையை உங்கள் மனைவி மீறினால், அது நீதிமன்றத்தை அவமதிப்பதாகும். அப்போது பேச வேண்டியவர் நீதிபதி, உங்கள் நண்பர்கள் அல்ல. அதுவரை தாபரிப்பை நீதிமன்றத்திலோ வங்கிக் கணக்கிலோ மட்டும் கட்டி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். மச்சானின் கையில் காசாகக் கொடுத்தனுப்பியது கணக்கில் நிற்காது.

கேள்வி: கணவர் விட்டுப் போய் இரண்டு வருடம். பொலிசுக்குப் போனபோது மாதம் பத்தாயிரம் ரூபாய் தருவதாகக் கையெழுத்து வைத்தார். மூன்று மாதம் தந்தார், பிறகு இல்லை. “எனக்கு நிரந்தர வேலை இல்லை, வேளாண்மை விளைந்தால்தான் காசு” என்கிறார். நாங்கள் கோயிலில் தாலி கட்டியவர்கள், பதிவு செய்யவில்லை. அதனால் வழக்குப் போட முடியாது என்றும் சொல்கிறார்கள். பிள்ளைக்கு ஏழு வயது.
(வாசகி, வெல்லாவெளி)

பதில்: வழக்குப் போட முடியும். பதிவில்லை என்பது உங்கள் பிள்ளையின் தாபரிப்புக்குத் தடையே அல்ல. தாபரிப்புச் சட்டம் திருமண உறவில் பிறந்த பிள்ளை, அதற்கு வெளியே பிறந்த பிள்ளை என்று இருவரையும் ஒரே வரியில் வைத்துத்தான் பேசுகிறது. தந்தை யார் என்பதை அவர் மறுத்தால் மட்டுமே அதை நிரூபிக்க வேண்டிவரும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் அவர் பெயர் இருந்தால் அந்தச் சிரமமும் குறையும். தவிர, வழமைப்படி நடந்த திருமணம் பதிவு செய்யப்படவில்லை என்பதற்காக மட்டும் நமது சட்டத்தில் செல்லாததாகிவிடாது. அது உங்களுக்கான தாபரிப்புக் கேட்கும்போது தேவைப்படும் வாதம், உங்கள் சட்டத்தரணி பார்த்துக்கொள்வார்.

பொலிஸ் நிலையத்தில் எழுதியது நீதிமன்றக் கட்டளை அல்ல. பொலிசாருக்குத் தாபரிப்பை நிர்ணயிக்கவோ பிள்ளை யாரிடம் என்று தீர்க்கவோ அதிகாரம் இல்லை. கிராம உத்தியோகத்தர் முன்னால் எழுதினாலும், கோயில் நிருவாகத்தின் முன்னால் எழுதினாலும் இதே கதைதான். ஆனால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பிள்ளைக்குப் பணம் கொடுக்கும் கடமை தனக்கு உண்டு என்பதையும், பத்தாயிரம் கொடுக்க இயலும் என்பதையும் அவரே ஒப்புக்கொண்ட சாட்சியம் அது. அதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

விண்ணப்பத்தை நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய நீதவான் நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்யலாம். அவர் இருக்கும் ஊரைத் தேடிப் போக வேண்டியதில்லை. பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், உங்கள் அடையாள அட்டை, பாடசாலை, மருந்து, உணவுச் செலவுகளைக் காட்டும் ஒரு சாதாரணக் கணக்கு, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி ஆகியவற்றோடு போங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லை என்றால், 1978இல் உருவாக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்தில் வருமான விபரத்தோடு விண்ணப்பியுங்கள். தாபரிப்பு வழக்குகள் அவர்களுடைய அன்றாட வேலை. அழைப்பாணை சேர்ந்த பிறகும் அவர் வராவிட்டால், அவர் இல்லாமலேயே விசாரித்துக் கட்டளையிட நீதவானுக்கு இயலும். சட்டத்தில் தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. அவருடைய வருமானமும் பிள்ளையின் தேவையும் உங்கள் வருமானமும் சேர்த்துப் பார்க்கப்படும். உங்கள் வருமானமும் என்று எழுதுவதற்குக் காரணம், 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிள்ளையைத் தாபரிக்கும் கடமை தாய், தந்தை இருவருக்கும் உண்டு.

வேளாண்மைக்காரரின் வருமானத்தை நிரூபிப்பதுதான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பக்கத்து வழக்குகளில் இழுபறிப்படும் இடம். சம்பளச் சிட்டை இல்லை என்பதால் வருமானமே இல்லை என்றாகிவிடாது. அவர் எத்தனை ஏக்கர் செய்கிறார் என்பது கமநல சேவை நிலையத்தின் பதிவுகளில் இருக்கும்; உர மானியம் எடுத்த விபரமும் அங்கேயே இருக்கும். உழவு இயந்திரம், மோட்டார் சைக்கிள், மாடுகள் இருந்தால் அவற்றையும் குறிப்பிடுங்கள். பெரும்போகமும் சிறுபோகமும் முடிந்து நெல் விற்ற காலத்தில் அவர் கையில் பணம் இருக்கும், இடைக்காலத்தில் இருக்காது என்பது உண்மைதான். மாதாந்தத் தொகையையே நீதவான் கட்டளையிடுவார் என்றாலும், அறுவடை முடிந்ததும் சில மாதத் தொகையை முன்கூட்டியே நீதிமன்றத்தில் கட்டிவிடுவதாக இரு தரப்பும் இணங்கினால் அது இருவருக்குமே வசதி. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த இணக்கத்துக்குச் சம்மதிப்பேன், ஆனால் நீதிமன்றப் பதிவேட்டில் ஏறிய இணக்கமாக மட்டும்.

இன்னொன்று. உங்கள் நடத்தையைப் பற்றி எதையாவது சொல்லி வழக்கைத் திசை திருப்ப அவர் முயலக்கூடும். மனைவிக்கான தாபரிப்பில் அப்படியான குற்றச்சாட்டுக்கு இடம் உண்டு. பிள்ளைக்கான தாபரிப்பில் அதற்கு எந்த இடமும் இல்லை.

கேள்வி: மகள் குவைத்தில் வேலை செய்கிறாள். பேரனை மூன்று வயதிலிருந்து நான்தான் வளர்க்கிறேன், இப்போது ஒன்பது வயது. மருமகன் வேறு கலியாணம் செய்துவிட்டார். இத்தனை காலம் எட்டிப் பார்க்காதவர், இப்போது பிள்ளையைத் தரும்படி சட்டத்தரணி மூலம் கடிதம் அனுப்பியிருக்கிறார். பேரனை என் தங்கை வீட்டுக்கு அனுப்பி வைக்கட்டுமா?
(ஓர் அம்மம்மா, பெரியகல்லாறு)

பதில்: வேண்டாம் அம்மா. பிள்ளையை மறைத்தால், சட்டவிரோதமாகத் தடுத்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி பிள்ளையை மன்றில் கொண்டுவந்து நிறுத்தும்படி கேட்கும் ஆட்கொணர்வு மனுவை மாகாண மேல் நீதிமன்றத்தில் போட அவருக்கு நீங்களே காரணம் கொடுத்தவராவீர்கள். பேரன் வழமைபோல உங்கள் வீட்டிலிருந்து அதே பாடசாலைக்குப் போகட்டும்.

கடிதம் கட்டளை அல்ல. அதற்குப் பயந்து பிள்ளையைக் கொடுக்கவும் வேண்டாம். ஒரு சட்டத்தரணி மூலம் பதில் அனுப்பிவிட்டு, உங்கள் மகள் பெயரில் மாவட்ட நீதிமன்றத்தில் கட்டுக்காப்புக் கோருங்கள். தன் சார்பில் செயற்பட உங்களுக்கு அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவ உறுதியைத் தூதரகம் மூலம் அத்தாட்சிப்படுத்தி மகள் அனுப்பினால், அவர் சார்பில் நீங்கள் வழக்கை நடத்தலாம். அந்த உறுதி வழக்கு நடத்துவதற்கே உதவும், கட்டுக்காப்பை உங்களுக்கு மாற்றித் தராது. மகள் வெளிநாடு போகும்போது பிரதேச செயலகத்தில் எடுத்த குடும்பப் பின்னணி அறிக்கையில் பிள்ளைக்குப் பொறுப்பாக உங்கள் பெயர் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதுவும் நீதிமன்றக் கட்டளைக்கு ஈடாகாது, ஆனாலும் பயனுள்ள சாட்சியம்.

பெற்றோரில் ஒருவருக்கும் அம்மம்மாவுக்கும் இடையில் போட்டி என்று வந்தால், சாதாரணமாகப் பெற்றோர் பக்கம்தான் தராசு சாயும் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் ஆறு வருடம் ஒரே வீட்டில் வேரூன்றிய பிள்ளையைப் பிடுங்கி, அவன் அறியாத ஒரு சிற்றன்னையிடம் வைப்பது அவனுக்கு நன்மையா என்பதை நீதிபதி கட்டாயம் கேட்பார். இத்தனை காலமும் மருமகன் பணமும் தரவில்லை என்றால், பிள்ளையை வைத்துப் பார்ப்பவர் என்ற முறையில் நீங்களே தாபரிப்பு விண்ணப்பம் செய்ய முடியும். இப்படியான கடிதங்களில் சில, தாபரிப்பு வழக்கு என்ற பேச்சு வந்ததும் அடங்கிவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் முஸ்லிம்கள். பிள்ளையின் பொறுப்பையும் செலவையும் காதி நீதிமன்றத்திலேயே ஒன்றாகக் கேட்கலாமா?
(வாசகி, சம்மாந்துறை)

பதில்: 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் பிள்ளையின் தாபரிப்பைக் காதி நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். காதியார் விதித்த தொகை கட்டப்படாவிட்டால், அதை அறவிடுவதற்காக நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்புவார். தீர்ப்பில் அதிருப்தி இருந்தால் காதிகள் சபைக்கு மேன்முறையீடு உண்டு. பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்ற கட்டுக்காப்பு விடயம் காதியாரின் அதிகாரத்துக்குள் வராது. அதற்கு மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். காதியார் முன்னால் இரு தரப்பும் பேசி இணங்கினாலும், பிள்ளையைப் பற்றிய பகுதியை மாவட்ட நீதிமன்றத்தில் கட்டளையாக்கிக்கொள்வது பாதுகாப்பு.

கேள்வி: கணவர் குடித்துவிட்டு அடிப்பவர். பிரிந்து தாய் வீட்டில் இருக்கிறேன். இப்போது பாடசாலை விடும் நேரத்தில் வாசலில் வந்து நின்று, மகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றப் பார்க்கிறார். அதிபரிடம் சொன்னால், “அவர் தகப்பன்தானே, நான் எப்படித் தடுப்பது?” என்கிறார்.
(வாசகி, வாழைச்சேனை)

பதில்: அதிபரில் குறை காண முடியாது, கட்டளை எதுவும் இல்லாத நிலையில் தந்தையைத் தடுக்க அவருக்கு ஆதாரம் இல்லை. அந்த ஆதாரத்தை நீங்கள் பெற்றுக் கொடுக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், உங்களுக்காகவும் பிள்ளைக்காகவும் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேளுங்கள். அவசரம் இருந்தால் 14 நாட்களுக்கு இடைக்காலக் கட்டளை தரப்படும். விசாரணைக்குப் பின் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை பெறலாம். வீட்டுக்கோ பாடசாலைக்கோ வருவதைத் தடை செய்யும்படி குறிப்பாகக் கேளுங்கள். பொதுவாகத் “தொந்தரவு செய்யக் கூடாது” என்று எழுதுவித்தால் வாசலில் நிற்பது தொந்தரவில்லை என்று வாதிடுவார். கட்டளையின் அத்தாட்சிப்படுத்திய பிரதி ஒன்றை அதிபரிடமும், ஒன்றைப் பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பிரிவிலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கட்டுக்காப்பு வழக்கை அதற்குப் பிறகு ஆறுதலாகப் போடலாம், ஆனால் போடாமல் விட்டுவிடாதீர்கள். பாதுகாப்புக் கட்டளைக்குக் காலம் முடிந்துவிடும்.

பிள்ளைக்கு அடி விழுந்திருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கும், உங்களுக்கு ஆலோசனை வேண்டுமானால் மகளிருக்கான 1938 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

கேள்வி: வெளிநாட்டில் குடியிருந்த நாங்கள் விடுமுறைக்கு மட்டக்களப்புக்கு வந்தோம். கணவரோடு மனக்கசப்பாகி, நான் பிள்ளையோடு இங்கேயே தங்கிவிட்டேன். பிள்ளையும் என் பிள்ளைதானே, இதில் சட்டப் பிரச்சினை வருமா?
(வாசகி, கல்லடி)

பதில்: வரலாம், அதுவும் விரைவாக வரலாம். ஒரு நாட்டில் வழக்கமாக வசித்த 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை, மற்றப் பெற்றோரின் சம்மதமில்லாமல் இன்னொரு நாட்டில் வைத்துக்கொள்வதைப் பற்றிய ஹேக் சமவாயத்தில் இலங்கை 2001இல் இணைந்தது. அதே ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் அதை இங்கே நடைமுறைப்படுத்துகிறது. நீங்கள் வசித்த நாட்டுக்கும் இலங்கைக்கும் இடையில் சமவாயம் அமுலில் இருந்தால், பிள்ளையைத் திருப்பி அனுப்பும்படி உங்கள் கணவர் கோரலாம். ஒரு வருடத்துக்குள் கோரினால் மறுப்பதற்குக் காரணங்கள் மிகக் குறைவு. திரும்பிப் போனால் பிள்ளைக்குப் பாரதூரமான ஆபத்து உண்டு என்று காட்டுவது அவற்றில் ஒன்று. நல்ல தாய் யார், நல்ல தகப்பன் யார் என்ற கேள்வி அந்த வழக்கில் எடுக்கப்படாது. எந்த நாட்டு நீதிமன்றம் அதை விசாரிப்பது என்பது மட்டுமே தீர்க்கப்படும். ஆகவே கடிதம் வரும் வரை காத்திராமல் இந்த வாரமே ஒரு சட்டத்தரணியைச் சந்தியுங்கள்.

இங்கே வசிக்கும் தாய்மார் சிலர், கணவர் பிள்ளையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விடுவாரோ என்று கேட்டிருந்தார்கள். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுப்பதற்குப் பெற்றோர் இருவரின் சம்மதமும் கேட்கப்படுகிறது. சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைக்குமுன் யோசியுங்கள். கடவுச்சீட்டு ஏற்கெனவே அவர் கையில் இருந்தால், பிள்ளையை நாட்டுக்கு வெளியே கொண்டு செல்லத் தடைக் கட்டளை கேட்டு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போங்கள்.

கேள்வி: எனக்குப் பதினைந்து வயது. அம்மாவும் அப்பாவும் நீதிமன்றத்தில் எனக்காகச் சண்டை பிடிக்கிறார்கள். யாரும் என்னிடம் கேட்கவில்லை. நீதிபதி கேட்பாரா? அம்மாவைச் சொன்னால் அப்பா, அப்பாவைச் சொன்னால் அம்மா கோபிப்பார்கள்.
(மாணவன், மட்டக்களப்பு)

பதில்: தம்பி, கேட்பதற்கு இடம் இருக்கிறது. தன்னைப் பற்றிய விடயத்தில் தன் கருத்தைச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்று சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை சொல்கிறது. வயதும் முதிர்ச்சியும் கூடக் கூட அந்தக் கருத்துக்கு நிறையும் கூடும். பதினைந்து வயதுப் பிள்ளையின் விருப்பத்தை எந்த நீதிபதியும் இலேசாகத் தள்ளிவிட மாட்டார். பெரும்பாலும் திறந்த மன்றில் கூண்டில் ஏற்றிக் கேட்பதில்லை. தன்னுடைய அறையில், பெற்றோர் இல்லாமல் பேசுவார். நன்னடத்தை உத்தியோகத்தர் சந்திக்க வந்தால் அவரிடமும் சொல்லலாம்.

அம்மாவா அப்பாவா என்று ஒருவரைத் தெரிந்தெடுத்துச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. எந்தப் பாடசாலையில் படிக்க விருப்பம், சாதாரண தரப் பரீட்சை முடியும் வரை வீடு மாறாமல் இருக்க வேண்டுமா, மற்றவரிடம் வார இறுதியில் போய் நிற்க விருப்பமா, எதற்குப் பயம் என்பதைச் சொன்னாலே போதும். யாரிடம் என்பதைத் தீர்ப்பது நீதிபதியின் வேலை. வேறு ஒருவர் சொல்லித் தந்ததைச் சொல்லாதீர்கள். வழக்கின் அடுத்த தவணைக்கு முன், உங்களோடு பேச வேண்டும் என்று நீதிபதியிடம் கேட்கும்படி அம்மாவின் சட்டத்தரணியிடமோ அப்பாவின் சட்டத்தரணியிடமோ நேரடியாகச் சொல்லலாம். அது தயக்கமாக இருந்தால், உங்கள் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் ஒருவர் இருக்கிறார். பாடசாலை விட்டு வரும் வழியில் அவரைப் பார்த்து, வழக்கு இலக்கத்தையும் அடுத்த தவணைத் திகதியையும் எழுதிக் கொடுங்கள்.